பயண மூட்டையும் முதற் சீலமும்

பொம்மனஹள்ளியில் வாழும் இளைய உபாசகர் ஒருவர் நமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. அவரும் உடன் பணியாற்றுவோர் ஐவரும் வரும் மார்ச்சுத் திங்கள் இறுதியில் இமாசலப் பிரதேசத்துத் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குச் சென்று, வழிகாட்டி ஒருவரின் துணையோடு, இறகால் செய்த பொய் ஈயைக் கொண்டு டிரௌட் மீன் பிடிக்கத் திட்டமிட்டிருக்கின்றனர். ஆறு பேருக்கும் வேண்டிய பொருள்களை வாங்கி மூட்டை கட்டும் பொறுப்பு நம் அன்பர் தலையில் விழுந்திருக்கிறது. வழிகாட்டி அனுப்பிய பட்டியலையும் மடலோடு இணைத்திருக்கிறார். பிடிபடும் மீன் ஒவ்வொன்றும் உடனே ஆற்றில் விடப்படும். ஒன்றும் கொல்லப்படாது, ஒன்றும் உண்ணப்படாது. அங்ஙனமாயின் முதற் சீலம் எங்கே பிழைக்கிறது என்பது அவர் வினா. அடுத்த வரியிலேயே தம் தாயார் சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்: "குழம்புக்குப் பிடிக்கிறவனை எனக்குப் புரிகிறது, குத்திவிட்டுத் திரும்ப விடுகிறவனை எனக்குப் புரியவில்லை." ஆடைத் தொழிற்சாலையில் பல்லாண்டு உழைத்த அவ்வம்மையார் திரிபிடகம் கற்றவர் அல்லர். ஆயினும் வினாவின் முடிச்சு மகனுடைய நான்கு பக்கங்களில் இல்லை. தாயின் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

மீனைப் பற்றிப் பேசப் புகும்போது நாம் ஒன்றை முதற்கண் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பஞ்சசீலம் ஏற்றவர்களாகிய நம்மை நோக்கி, "மீனும் இறைச்சியும் உண்ணும் நீங்கள் எவ்வாறு பௌத்தர் ஆனீர்கள்?" என்று கேட்போர் உளர். கேட்பவர்களிற் பலருக்கு உயிரின்மேல் இரக்கம் இருக்கிறதோ இல்லையோ, நம் அடுக்களையின்மேல் அருவருப்பு இருக்கிறது. பெங்களூரில் வாடகை வீடு தேடி அலைந்த நம்மவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. "என்ன சாப்பிடுவீர்கள்?" என்ற வினாவுக்குள் வேறொரு வினா ஒளிந்திருப்பதை அவர்கள் படியேறிய வீடுதோறும் கண்டிருக்கிறார்கள். புத்த பெருமான் உணவைக் கொண்டு மனிதரை மேல் கீழ் எனப் பிரித்தாரில்லை. தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும், கேளாமலும், ஐயுறாமலும் இருப்பின் ஐயத்தில் இடப்பட்ட இறைச்சியைப் பிக்கு ஏற்கலாம் என்பதே விநயம். மீனவர் சேரியிற் பிறந்த யசோசர் சங்கத்தில் சேர்ந்து அரகந்தர் ஆனார். ஆகவே, மீன் பிடித்துப் பிழைப்பவரை இழித்துரைக்கும் வரி எதுவும் இக்கட்டுரையில் இராது.

அண்ணல் அம்பேத்கர் தம் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், 1957-இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த அந்நூலில், அகிம்சையை ஒரு கட்டளையாகக் கொள்ளாமல் ஒரு கோட்பாடாகக் கொண்டு விளக்கினார். கொல்ல வேண்டும் என்ற விருப்பம் ஒன்று, கொல்ல வேண்டிய தேவை வேறொன்று; புத்தர் விலக்கியது விருப்பத்தை என்பது அவர் காட்டிய வேறுபாடு. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தால் காசிமேட்டு மீனவர் எங்கே நிற்கிறார் என்பது விளங்கும். புலித்தோலை மாளிகைச் சுவரில் மாட்டிய பழைய சமத்தானத்து மன்னர் எங்கே நிற்கிறார் என்பதும் விளங்கும். ஆனால் தீர்த்தன் ஆற்றுக்குச் செல்லும் அறுவர்? அவர்களுக்குக் கொல்லும் தேவையும் இல்லை, கொல்லும் விருப்பமும் இல்லை. இரண்டு கட்டத்திலும் அடங்காமல் மூன்றாவதாக ஒன்று வந்து நிற்கிறது. அதற்குப் பெயரிடத் தெரியாமல்தான் மகன் நான்கு பக்கம் எழுதினார். தாயோ புரியவில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

வழிகாட்டியின் பட்டியலைப் பார்ப்போம். நான்கு துண்டாகக் கழற்றக்கூடிய ஒன்பதடித் தூண்டிற்கோல். நூல் சுற்றும் ரீல். எடையுள்ள தடித்த நூலும், அதன் நுனியில் முடிய மீன் கண்ணுக்குத் தெரியாத மெல்லிழையும். ஈக்களை அடுக்கிய சிறு பெட்டி. முள்ளைக் கழற்ற ஓர் இடுக்கி. ரப்பர் கண்ணிகளாலான கைவலை. நீரின் பளபளப்பை நீக்கி உள்ளிருப்பதைக் காட்டும் கண்ணாடி. மார்பளவு நீர் புகாத காற்சட்டை. வழுக்காத அடியுள்ள காலணி. மழைக்கோட்டு, கம்பளி, தொப்பி, மருந்துப் பை. மீன்வளத்துறை தரும் உரிமச் சீட்டு. வேறோர் ஆற்றில் நனைந்த காலணியை நன்றாகக் கழுவி, முற்றும் உலர்த்திய பின்னரே கொண்டுவர வேண்டும் என்று ஒரு குறிப்பும் உண்டு. ஈரத்தில் ஒட்டிவரும் பாசியும் நோய்க்கிருமியும் புது ஆற்றைக் கெடுத்துவிடுமாம். நீரின் சூட்டை அளக்க வெப்பமானி ஒன்றும் கேட்டிருக்கிறார். நீர் 20 பாகைக்கு மேல் சூடேறினால் அதில் உயிர்வளி குறையும். அந்நிலையில் போராடி ஓய்ந்த டிரௌட் மீளாது என்பதால் கோலை மடக்கிவிட வேண்டும் என்கிறார். தூண்டில் முட்கள் யாவும் எதிர்முள் இல்லாதனவாக, அல்லது இடுக்கியால் எதிர்முள் நசுக்கப்பட்டனவாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறார். எதிர்முள் என்பது குத்தியது பின்வாங்கி வராதபடி பிடித்துக்கொள்ளும் சிறு செதுக்கு. அது இல்லையேல் முள் எளிதில் கழலும். மீன் கையில் இருக்கும் நேரம் குறையும்.

இப்பட்டியலைப் படித்தவுடன் நகைத்து ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. இதில் ஒருவகை அக்கறை இருக்கிறது. மீன் பிழைக்க வேண்டும் என்று எண்ணி எழுதப்பட்ட பட்டியல் இது. நம் சந்தையில் உயிரோடு துள்ளும் கெண்டையைச் செதில் சீவுகிறவரிடத்தில் இத்தனை கவனம் இராது. ஆனால் அக்கறை இருக்கிற அதே பெட்டிக்குள் முள்ளும் இருக்கிறது. ஒரு கை குத்துவதற்கும் மறு கை ஆற்றுவதற்கும் ஒரே இரவில், ஒரே விளக்கின் கீழ், பொருள் எடுத்து வைக்கிறோம்.

ஈப் பெட்டியைச் சற்றே திறந்து பார்த்தல் தகும். இறகைக் கட்டி ஈயென ஏய்க்கும் கலை பழமையானது. மாசிதோனிய நாட்டினர் சிவந்த கம்பளியும் இறகும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகட்கு முன் ஏலியன் என்னும் உரோமானியர் எழுதிவைத்தார். பின்னாளில் ஆங்கிலேயர் இதைப் பெருஞ்செல்வர்க்குரிய பொழுதுபோக்காக வளர்த்தனர். அவர்களுடைய ஈக்களில் மிக விரும்பப்பட்ட இறகு ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பற் கானக்கோழியின் கழுத்திறகு. மெழுகு பூசியதுபோல் புள்ளியிட்டு மின்னும் அவ்விறகுக்காக அப்பறவை கண்ணி வைத்துப் பிடிக்கப்பட்டுக் கப்பலேறியது. பிற்காலத்தில் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடுத்தது. 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் என்னும் ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில் இரவில் புகுந்த இளைஞர் ஒருவர் 299 பறவைத் தோல்களைத் திருடிச் சென்றார். ஈ கட்டுவோர் அவ்விறகுகளுக்குக் கொடுக்கும் விலையே காரணம். குழலிசை பயின்ற மாணவர் அவர், பசித்தவர் அல்லர். அவர் கட்டக் கற்ற பகட்டு ஈக்களிற் பல நீரில் நனைவதே இல்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்ப்பதற்கே கட்டப்படுகின்றன என்பது இதில் வியப்பான செய்தி. தண்கை என்று பகவர் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உரை எழுத நம்மால் இயலாது.

ஈது இவ்வாறிருக்க, வழிப்பயணத்துக்கு மூட்டை கட்டுதலைப் பற்றி விநயபிடகமே பேசுகிறது என்பதை அன்பர்கள் பலர் அறியார். பிக்குவின் உடைமை எட்டு: மூன்று சீவரம், திருவோடு, சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி. முன்னைய ஏழும் உடுக்கவும் உண்ணவும் உடலைப் பேணவும் வேண்டுவன. எட்டாவதாகிய வடிகட்டி, குடிக்கும் நீரிலுள்ள சிற்றுயிர் தொண்டைக்குள் போகாதிருக்க என வைக்கப்பட்டது. கோசல நாட்டில் இரு பிக்குகள் நெடுவழி நடந்தனர். ஒருவரிடம் வடிகட்டி இருந்தது, மற்றவரிடம் இல்லை. வழியில் இருவர்க்கும் மனக்கசப்பு நேர்ந்திருந்தது. வடிகட்டி இல்லாதவர் இரந்து கேட்டும் மற்றவர் தர மறுத்தார். உயிருள்ள நீரைக் குடிக்க மனமின்றி, கேட்டவர் விடாய் மிகுந்து வழியிலேயே மாண்டார். இதனைக் கேட்ட பகவர், வடிகட்டி இல்லாமல் நெடுவழி புறப்படலாகாது என்றும், கேட்பவர்க்கு அதனை மறுக்கலாகாது என்றும், அது இல்லாதபோது மேலாடையின் மூலையால் வடித்துக் குடிக்க உறுதி கொள்ளலாம் என்றும் விதித்தார். இக்கதையில் நம் நெஞ்சைத் தொடுவது, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்புழுவைக் காத்துக்கொண்டிருந்த ஒருவர் கண்ணெதிரே நின்ற தோழரைக் காவாமற் போனது. சிற்றுயிரின்மேல் இரக்கம் பேசி மனிதரை வாசலில் நிறுத்தும் அறம் எவ்வளவு பழையது பாருங்கள்! பகவர் அதனையும் ஒப்பவில்லை. புழுவை விட்டுவிடவும் சொல்லவில்லை.

தானத்துக்கு மூன்று சேதனை கூறுவர் உரையாசிரியர்: கொடுக்குமுன் எழும் பூர்வ சேதனை, கொடுக்கும்போது எழுவது, கொடுத்தபின் எழுவது. இந்தப் பாகுபாடு தானத்துக்கு மட்டும் உரியதன்று என்பது நம் கருத்து. எச்செயலும் செய்யுமுன் மனத்தில் செய்யப்படுகிறது. கோலைத் துண்டு துண்டாக உறையில் இடும்போது, ஈக்களை நிறவாரியாக அடுக்கும்போது, மெல்லிழையின் வலிமையை இழுத்துப் பார்க்கும்போது, மீன் ஏற்கெனவே ஒருமுறை மாட்டிக்கொள்கிறது. ஆகவே மூட்டை கட்டும் வேலை தமக்கு விழுந்ததால் தாம் வெறும் சுமைகாரர் என்று அன்பர் எண்ண வேண்டா. அறுவரில் பயணத்தின் பூர்வ சேதனை முழுதும் அவர் கையில்தான் இருக்கிறது.

இனி, பிடிபட்டு விடப்பட்ட மீனுக்கு என்ன நேர்கிறது? குளிர்ந்த இரத்தமுள்ள மீனுக்கு நோவு தெரியாது என்று தூண்டிற்காரர் நெடுங்காலம் சொல்லிவந்தனர். 2003-இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்னும் ஆய்வாளரும் துணைவரும், வானவில் டிரௌட்டின் தலைப்பகுதியில் ஊறு உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். உதட்டில் தேனீயின் நஞ்சோ காடியின் புளிப்போ செலுத்தப்பட்ட மீன்கள் உணவை மறந்து கிடந்தன, அசைந்தாடின, காடி பட்டவை உதட்டைத் தொட்டியின் கூழாங்கற்களில் தேய்த்தன. அதனை மனிதரின் நோவோடு ஒப்பிடலாமா என்று மறுத்து எழுதுவோரும் உளர்; மீனின் மூளையில் நமக்குள்ள மேற்புறணி இல்லை என்பது அவர்கள் வாதம். இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் வேறொரு கணக்கில் வழக்கு அவ்வளவாக இல்லை. 1992-இல் கனடாவில் பெர்குசன், டப்ட்சு என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வின்படி, களைக்கும் வரை நீந்தவிடப்பட்ட வானவில் டிரௌட்களில் நூற்றுக்கு 12 மாண்டன. களைத்தபின் அரை நிமிடம் காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 மாண்டன. ஒரு நிமிடம் வைக்கப்பட்டவற்றில் 72. அரை நிமிடத்துக்கும் ஒரு நிமிடத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் புகைப்படம் எடுக்கப்படுகிறது. பின்னர் வந்த ஆய்வுகள் சிலவற்றில் இறப்பு இதனினும் குறைவாகவே கண்டது உண்மை. குளிர்நீரில், விரைந்து விட்டால், மிகப்பெரும்பாலான மீன் பிழைக்கின்றன. எனினும் விட்ட மீன் வாலை அசைத்து மறைந்ததும் கதை நலமாக முடிந்தது என்று கரையில் நிற்பவர் மகிழ, கல்லிடுக்கில் அதன் கதை வேறுவிதமாக முடிவதுண்டு என்பதும் உண்மையே.

முதற் சீலம் பிழைப்பதற்கு உரையாசிரியர் ஐந்து உறுப்புக் கூறினர்: உயிர் இருத்தல், உயிர் என அறிதல், கொல்லும் கருத்து, முயற்சி, அதனால் சாதல். இவ்வைந்தும் கூடாவிடின் பாணாதிபாதம் நிறைவுறாது. இதை எழுத்துப்படி பற்றிக்கொண்டால் அன்பர் தப்பித்துக்கொள்ளலாம். மூன்றாம் உறுப்பாகிய கொல்லும் கருத்து அவரிடம் இல்லை. ஆயினும் உதானத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சாவத்திக்கும் சேதவனத்துக்கும் இடையில் சிறுவர் சிலர் மீன்களை வருத்தி விளையாடிக்கொண்டிருந்தனர். பிச்சைக்குச் சென்ற பகவர் நின்றார். துன்பத்துக்கு அஞ்சுவீர்களா, அது உங்களுக்கு வெறுப்பானதா என்று அவர்களையே கேட்டார், ஆம் என்றனர். அவ்வாறாயின் மறைவிலும் வெளியிலும் தீவினை செய்யாதீர் என்று கூறிச் சென்றார். கவனிக்க வேண்டியது என்னவெனில், அச்சிறுவர் கொன்றதாக அங்கே கூறப்படவில்லை. வருத்தினர் என்றே உள்ளது. பிழைப்புக்காகச் செய்ததாகவும் இல்லை. விளையாட்டு. நாம் பெயரிடத் தெரியாமல் நின்ற மூன்றாவது பொருள் இதுதான்: பிறிதோர் உயிரின் அச்சத்தைத் தன் மகிழ்ச்சிக்குக் கருவியாக்குதல். கோல் வளைவதும் நூல் கிறீச்சிடுவதும் கை நடுங்குவதுமாகத் தூண்டிற்காரர் வருணிக்கும் இன்பம் யாவும் மறுமுனையில் ஒன்று தப்பிக்கப் போராடுவதால் வருவதே. மீன் போராடாவிட்டால் ஆட்டம் இல்லை. போராட்டத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு, முடிவில் உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால், வாங்கியது திருப்பப்பட்டதாகுமா?

சுவிட்சர்லாந்து நாட்டார் இதே வினாவுக்குச் சட்டத்தால் விடை கண்டனர். திரும்ப விடும் நோக்கத்தோடே மீன் பிடித்தல் அங்கே 2009 முதல் விலக்கப்பட்டது, உண்பதற்காகப் பிடிக்கலாம். செருமனியிலும் உயிருக்கு நோவு செய்யத் தக்க காரணம் வேண்டும் என்பது சட்டம். உணவு தக்க காரணம், ஆட்டம் அன்று. பொம்மனஹள்ளித் தாயார் சொன்னதும் இதுவே அன்றோ! அம்மையார் அந்நாட்டுச் சட்டசபையில் அமர்ந்திருக்கலாம்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்தல் வேண்டும். அதற்கு இமயம் போகத் தேவையில்லை. பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய காவிரிக்கரை போதும். பீமேசுவரி, காலிபோரே முதலிய இடங்களில் கூடாரம் அமைத்து, மகசீர் என்னும் பெருமீனைப் பிடித்து எடை பார்த்து விடும் முறை பல்லாண்டு நடைபெற்றது. ஆற்றில் வெடி வைத்து மீன் கொன்றோரிற் சிலரே அங்கு வழிகாட்டிகளாகவும் காவலராகவும் மாறி ஊதியம் பெற்றனர். காலிபோரேயில் 1998 முதல் 2012 வரை பிடித்தவர்கள் எழுதிவைத்த குறிப்பேட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள் பதிவாயின. அறிவியலார் பின்னர் அதனை ஆராய்ந்தபோதுதான், காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் ஆண்டுதோறும் அருகிவருவதும், வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகிவருவதும் வெளிப்பட்டன. மீன்வளம் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு மகாராட்டிரத்துப் பொரிப்பகத்துக் குஞ்சுகளை ஆற்றில் விட்டதே சொந்த மீனை ஒடுக்கியது என்று ஆய்வாளர் ஐயுறுகின்றனர். 2018-இல் தான் அக்கூன்முதுகு மீன் எந்த இனம் என்பது உறுதியாயிற்று. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் உள்ள உயிர்ப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டிலிடுதல் 2012-இல் நிறுத்தப்பட்டபின், காவல் தளர்ந்து வெடி வைப்போர் மீண்டும் வந்தனர் என்று தூண்டிற்காரர் குறை கூறுகின்றனர். இக்கூற்றில் உண்மை இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். ஆற்றங்கரையில் ஒருவர் நிற்பது ஆற்றுக்கு நல்லது. அவர் கையில் முள் இருந்தால்தான் அங்கே நிற்பாரா என்பதே நம் கேள்வி.

மற்றொன்று. தீர்த்தனில் அவர்கள் தேடிச் செல்லும் பழுப்பு டிரௌட் இமயத்துக்குச் சொந்தமானது அன்று. ஆங்கிலேயர் தம் நாட்டு ஆட்டத்தை இங்கும் ஆடுவதற்காகக் கொணர்ந்து, 1909 அளவில் குலு மலையில் பெருக்கிய மீன் அது. நம் நீலகிரியிலும் அவலாஞ்சியில் டிரௌட் பொரிப்பகம் எழுந்தது இவ்வாறே. மலையின் தூய்மையைத் தேடி ஈராயிரம் கிலோமீட்டருக்கு மேல் செல்கிறவர் துரைமார் விட்டுச்சென்ற விளையாட்டுத் திடலில் போய் நிற்கிறார் என்றால் மிகையாகாது. இதற்கிடையில் பெங்களூரின் மீன்கள் யாரால் சாகின்றன? 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன் ஒரே நாளில் மிதந்தன. பெல்லந்தூர் ஏரி 2015-லும், 2017-லும், 2018-லும் தீப்பற்றி எரிந்தது. நீர் எரிவதை உலகமே பார்த்தது. அங்கே தூண்டிற்காரர் எவரும் இல்லை. நம் குளியலறைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் போன கழிவு இருந்தது. அவ்வாயிரத்தில் ஒன்றையும் கொல்லும் கருத்து எவர்க்கும் இல்லை. ஐந்து உறுப்பில் மூன்றாவது எவரிடத்தும் இல்லை. ஆகவே எவர் சீலமும் பிழைக்கவில்லை! உரையாசிரியரின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு நகரத்தில் வாழ இயலாது என்பதற்கு இவ்வேரிகள் சான்று.

அசோக மாமன்னரின் எட்டாம் பாறைச்சாசனம் பயணத்தைப் பற்றியது. கர்னூல் மாவட்டத்து எர்ரகுடியில் அதனை இன்றும் காணலாம். முன்னைய அரசர் வேட்டையும் அதுபோன்ற களியாட்டமும் நாடி உலாப் போயினர். தாமோ முடிசூடிய பத்தாம் ஆண்டில் போதி மரத்தடிக்குச் சென்றார். அதுமுதல் அரசவுலா என்பது முதியோரைக் காணலும், துறவியர்க்கு ஈதலும், நாட்டுப்புற மக்களைக் கண்டு உரையாடலும் ஆயிற்று என்று பொறித்தார். அவர் பயணத்தை நிறுத்தவில்லை, மூட்டையை மாற்றினார். முடிசூடிய இருபத்தாறாம் ஆண்டின் தூண்சாசனத்தில் மீனுக்கும் இடம் உண்டு. பருவ முழுநிலவு நாட்களிலும் உபோசத நாட்களிலும் மீன் கொல்லுதலும் விற்றலும் ஆகா என்றார்; உயிரை உயிருக்கு இரையாக்கலாகாது என்றும் கூறினார். ஆண்டு முழுதும் தடுத்தாரில்லை. மீனவர் பிழைப்பு அவர் கண்ணிற் பட்டிருக்க வேண்டும்.

ஆதலின் அன்பர்க்கு நம் விடை இது. பயணம் போகலாம், நண்பரை விட்டு விலக வேண்டா. தம் கோலில் முள் முனையுள்ள ஈயைக் கட்ட வேண்டா என்பதே நம் துணிபு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அம்ப்குவா ஆற்றுப் பகுதியில் லீ ஸ்பென்சர் என்பவர், கள்ளத்தனமாக மீன் கொல்வோரைத் தடுக்க ஒரு மடுவின் கரையில் ஆண்டுதோறும் பல திங்கள் காவல் இருந்தார். அவரும் ஈ வீசுகிறவரே. ஆயின் முள்ளின் முனையை வெட்டிவிட்டு வீசினார். மீன் எழும்; ஈயைப் பற்றும்; பொய்யெனக் கண்டு துப்பிவிட்டுப் போகும். பொய் சொன்ன குற்றம் அதிலும் உண்டென்று நான்காம் சீலத்தைக் காட்டி எவரேனும் வாதிடக்கூடும். அவர்களோடு நாம் மல்லுக்கு நிற்கவில்லை. வீசக் கற்பதும், நீரைப் படிப்பதும், எந்தக் கல்லுக்குப் பின்னே மீன் ஒதுங்கும் என்று அறிவதும், மணிக்கணக்காக ஓசையின்றி நிற்பதும் முனை இல்லாமலும் கிடைக்கும். உடன் வந்தோர் நகைக்கலாம். முதல் நாள் நகைப்பார்கள்.

மற்ற ஐவருக்கும் கட்டும் மூட்டையிலும் அவர் செய்யக்கூடியவை சில உண்டு. கடையில் எதிர்முள் உள்ள முள் மலிவாகவும் இல்லாதது அரிதாகவும் கிடைத்தால், அரிதானதையே வாங்குக. மெல்லிழையைச் சற்றுத் தடித்ததாக எடுக்க. இழை மெலிந்தால் போராட்டம் நீளும். கானக்கோழியிறகு கட்டிய ஈ வேண்டா. எடை பார்க்கும் தராசு பட்டியலில் இருந்தால் அதை மறந்துவிடலாம். மீனைக் காற்றில் தொங்கவிடாமல் அளக்க அது உதவாது. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன் சினைவிடும் காலமாதலின் அங்கே தடை உண்டு. தேதியையும் உரிமச் சீட்டையும் மீன்வளத்துறையாரிடம் நேரே கேட்டு உறுதி செய்க. வழிகாட்டிக்குப் பேசிய கூலியை மீன் எழாத நாளுக்கும் குறைக்காமல் கொடுக்குமாறு நண்பரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம். அம்மலை இளைஞர்க்கு நான்கைந்து திங்கள் வேலை இராது. தாயார்க்கு அங்கிருந்து ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வரலாம். மார்ச்சு இறுதியில் தீர்த்தனில் ஓடுவது பனி உருகிய நீர். காற்சட்டைக்குள் நின்றாலும் கால் விறைக்கும். கம்பளிக் காலுறை ஆளுக்கு இரண்டு இணை கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்லுக.